ஒன்பது வெள்ளைப் புள்ளிகள்

மேஜை மேல் ஒரு சைக்கிள் டயர் கிடந்தது. அதில் ஒன்பது இடத்தில் மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தது.

"செத்தவரோட டயரா, கொன்னவரோட டயரா?" என்று கேட்டான் ஓட்டைவாய்.

எதிரே உட்கார்ந்திருந்தவன் செத்தவனின் உடன்பிறந்த தம்பி. அவன் முகம் சுண்டிப் போயிற்று. எதைக் கேட்கக் கூடாதோ அதை முதலில் கேட்டுத்தான் இந்த உதவியாளன் ஓட்டைவாய் என்ற பட்டத்தைச் சம்பாதித்திருந்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மேடம் டயரிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, ஏன் நசுங்கியது என்று எழுதிக் கொடுக்கும் வேலையில் பதினெட்டு வருஷம் இருந்தவர். பிறகு மேலதிகாரியோடு ஒத்துவராமல் வெளியே வந்து, துப்பறியும் ஆபீஸ் என்று ஒரு போர்டை மாட்டிக்கொண்டார். மனுஷர்கள் மேல் அவருக்குப் பெரிய பிரியமெல்லாம் கிடையாது. உடைந்த சாமான்கள் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி.

"நீங்க சொல்லுங்க. இவன் கிடக்கிறான்," என்றார்.

வந்தவன் சைக்கிள் மெக்கானிக். விரல் ரேகைகளுக்குள் கறுப்பு மை போல எண்ணெய் ஏறியிருந்தது.

"மூணு வாரம் ஆச்சு மேடம். மலைப் பந்தயத்துல எங்க அண்ணன் செத்துட்டான். இறக்கத்துல, வளைவுல, முன் சக்கரத்துல காத்து போய் நேரா பாறையில. விபத்துன்னு எழுதி மூடிட்டாங்க. போன வாரம் வண்டியைத் திருப்பிக் கொடுத்தப்பதான் டயரைக் கழுவிப் பார்த்தேன். ஒன்பது குத்து. குத்தினது எங்க அண்ணி."

"அட! குடும்பத்துலயே ஆளு," என்றான் ஓட்டைவாய்.

"பந்தயத்துக்கு முதல் நாள்தான் ரெண்டு சக்கரத்தையும் டியூப்லெஸ்ஸா மாத்தினேன். அண்ணன் ரொம்ப நாளா ஆசைப்பட்டான்."

"டியூப்லெஸ்னா?"

"உள்ளே டியூப் இருக்காது. ரிம்முக்குள்ள ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு ஓட்டை இருக்கும்ல, அதையெல்லாம் மூடுற மாதிரி சுத்தி டேப் ஒட்டணும். தனி வால்வு வைக்கணும். டயரை மாட்டி, ரப்பர் பாலை உள்ளே ஊத்தி, ஒரே மூச்சுல காத்தை விட்டா டப்புனு ரிம்மைக் கவ்விக்கும். அப்புறம் முள் குத்தினாக்கூட அந்தப் பால் ஓடி வந்து ஓட்டையை அடைச்சிடும்."

"எந்த ஓட்டையையும் அடைக்குமா? என் வாய்க்கு ஒரு கால் லிட்டர் கிடைக்குமா?"

"உனக்குப் பத்தாது. அரை லிட்டர் ஆகும்," என்றார் மேடம். பூதக்கண்ணாடி ஒரு மஞ்சள் வட்டத்தின் மேல் நின்றது. வட்டத்தின் நடுவே கடுகளவு வெள்ளைப் புள்ளி இருந்தது. "பால் அடைக்கும்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் இந்த ஒன்பதும் எப்படி ஆளைக் கொல்லும்?"

"முள்ளுன்னா அடைக்கும் மேடம். இது கோணி ஊசி! அண்ணி சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் உறை தைக்கிறவங்க. அந்த ஊசி அவங்க கையிலதான் இருக்கு. கேட்டேன். ஆமா, நான்தான் குத்தினேன்னாங்க. மறுக்கவே இல்லை."

"ஒத்துக்கிட்டாங்கன்னா நாங்க எதுக்கு? மாலை போடவா?"

"வாய்ல சொன்னா பத்தாதுங்கிறார் இன்ஸ்பெக்டர். இந்தக் குத்தாலதான் காத்து போச்சுன்னு விஷயம் தெரிஞ்சவங்க எழுதித் தரணுமாம். இன்னிக்கு நாலு மணிக்கு வீட்டுக்கு வர்றார். நீங்க எழுதிக் கொடுத்தா கையோட கூட்டிட்டுப் போயிடுவார்."

மணி இரண்டே கால். ஒரு பெண்ணின் மிச்ச ஆயுசு, மேடம் எழுதப் போகும் ஒரு பக்கத்தில் இருந்தது. மெக்கானிக் அதைப் பஞ்சருக்கு ரசீது கேட்பவன் மாதிரி கேட்டான்.

மேடம் பூதக்கண்ணாடியை மடித்துப் பையில் போட்டார்.

"ரிம் எங்கே?"

"ரிம்மா? பட்டறையில இருக்கு. ஓட்டை டயர்லதானே மேடம்?"

"வண்டியை எடுடா," என்றார் மேடம், ஓட்டைவாயிடம்.

*

பட்டறையும் வீடும் ஒட்டினாற்போல் இருந்தன. தகரக் கூரை போட்ட பட்டறையிலிருந்து ஒரு கதவு நேரே வீட்டுக் கூடத்துக்குத் திறந்தது. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாக்காரி உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தாலும் நாக்கு மட்டும் வற்றவில்லை.

"வாங்க. பின் அறையில இருக்கா பாருங்க மகாராணி. என் பிள்ளையை முழுங்கிட்டு அப்படியே குத்துக்கல்லாட்டம் உக்கார்ந்திருக்கா. நாலு மணிக்கு மேல இந்த வீட்டுல அவ மூச்சுக்காத்து இருக்கக் கூடாது."

பின் அறையில் தையல் மிஷின் ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. கட்டில் இருந்த இடத்தில் நாலு கால் தடம்தான் மிச்சம். கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள். சுவரில் ஒரு ஆணியும், அதைச் சுற்றி வெளிறாத சதுரமும் இருந்தன. புருஷனின் படத்தைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். வாசலில் ஒரு தட்டு, அதில் காய்ந்துபோன சோறு. பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட யாரும் இப்படி வைக்க மாட்டார்கள்.

தரையில் உட்கார்ந்திருந்த அண்ணிக்காரி நிமிர்ந்து பார்த்தாள். மாற்றுத் துணி ஒரு பையில் தயாராக இருந்தது.

"நான்தான் குத்தினேன். எங்கே கையெழுத்துப் போடணும்?"

ஓட்டைவாய்க்கு ஒரு ஜோக் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போய்விட்டது. அது அவனுக்கே புதுசு.

மேடம் எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "கையெழுத்து அப்புறம். எதுக்குக் குத்தினீங்க?"

"போகக் கூடாதுன்னுதான். போன தடவை விழுந்து கழுத்தெலும்பு நகர்ந்துடுச்சு. இன்னொரு தடவை விழுந்தா அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னார். நான் காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன். கேக்கலை. சாயங்காலம் அவர் குளிக்கப் போன நேரம் பட்டறைக்குப் போய்க் குத்தினேன். காலையில டயர் சப்பையா கிடந்தா போக மாட்டார்ல? அவ்வளவுதாங்க நினைச்சேன்."

"ஒரு குத்து பத்தாதா? ஒன்பது எதுக்கு?"

"குத்தினா புஸ்ஸுங்கும். கொஞ்ச நேரத்துல நின்னுடும். திரும்பக் குத்துவேன், திரும்ப நின்னுடும். கையெல்லாம் வெள்ளையா பிசுபிசுன்னு ஒட்டுச்சு. ஏதோ பெயின்ட்டுன்னு நினைச்சேன். அவர் வர்ற சத்தம் கேட்டுது, ஓடி வந்துட்டேன். ராத்திரிக்குள்ள மெல்ல மெல்ல காத்து போயிடும்னு இருந்தேன்." அவள் குரல் அதே மட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. "விடிஞ்சு பார்த்தா வண்டியைக் காணோம். காத்தடிச்சுட்டுக் கிளம்பிட்டார் போல. நான் போட்ட ஓட்டை மலை மேல போய்த் திறந்திருக்கு."

"டயர்ல டியூப் இல்லைங்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

"டியூப் இல்லாம டயரா?"

மேடம் கை நீட்டினார். அவள் மிஷின் டிராயரிலிருந்து கோணி ஊசியை எடுத்துக் கொடுத்தாள். அதன் நுனியில் மெல்லிய ரப்பர் தோல் உறை போட்டது போல ஒட்டியிருந்தது. மேடம் நகத்தால் இழுத்ததும் அப்படியே உரிந்து வந்தது.

"இந்தத் தோல் எவ்வளவு நேரத்துல கட்டியிருக்கும் தெரியுமா?" என்றார் எழுந்துகொண்டே. "ஊசி வெளியே வந்த மறு நிமிஷம்."

*

பட்டறையில் மெக்கானிக் முன் சக்கரத்தை எடுத்து வைத்துக்கொண்டு நின்றான். அண்ணன் சைக்கிளிலிருந்து கழற்றிய பின் சக்கரம் சுவரோரம் டயரோடு சாய்ந்திருந்தது.

"மாட்டுங்க," என்றார் மேடம்.

"எதை மேடம்?"

"கொலைகார டயரை. அதே ரிம்முல. புதுசா பால் ஊத்தக் கூடாது."

மெக்கானிக் தயங்கினான். ஆனால் கை வேலைக்குப் பழகிய கை. டயரின் ஓரத்துக்குச் சோப்புத் தண்ணீர் தடவினான். ஒரு பக்கத்தை ரிம்முக்குள் தள்ளி, மறு பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்தி உள்ளே ஏற்றினான். காற்றுக் குழாயை வால்வில் வைத்துத் திறந்தான். டப்! டப்! என்று இரண்டு பக்கமும் ரிம்மைக் கவ்விக்கொண்டன. ஓட்டைவாய் ஒரு அடி துள்ளினான்.

"பயந்துடாதே. செத்தவர் எழுந்து வரலை," என்றார் மேடம். "தொட்டியில போடு."

பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியில் ஓட்டைவாய் சக்கரத்தை முக்கி மெல்லச் சுற்றினான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். முதல் வட்டத்தில் குமிழி வரவில்லை. இரண்டிலும் இல்லை. ஒன்பதாவது வரை ஒரு பொட்டுக் குமிழிகூட இல்லை.

"மேடம், இந்த டயர் என் மாமியார் மாதிரி. எவ்வளவு குத்தினாலும் உப்பித்தான் இருக்கு."

"அதாவது, அந்தப் பொண்ணு குத்தின ஒன்பதும் அன்னிக்கே அடைச்சுப் போச்சு. காத்து அது வழியா போகலை. அவ கொல்லலை."

சொல்லும்போதே மேடம் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தார். அண்ணியின் தலை தப்பியது என்று அந்த முகத்தில் ஒரு துளி நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"இங்கே நிக்குது மேடம். மலையில நிக்குமா? அந்த ஆட்டத்துல திறந்திருக்கும். நீங்க அப்படியே எழுதலாம்ல?"

"எழுதலாம். டயரைக் கழட்டுங்க. பின் சக்கரத்தையும்."

"பின் சக்கரத்துல ஒண்ணுமில்லையே..."

"ஒண்ணுமில்லாததைப் பார்க்கத்தான் கேக்கறேன்."

இரண்டு ரிம்மும் மேஜை மேல் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. மேடம் ஓட்டைவாயைக் கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்தார். "என்ன தெரியுது?"

"ரெண்டுலயும் நீல டேப். அழகா ஒட்டியிருக்கு. கை சுத்தமான ஆளு."

"கண்ணைத் திறந்து பாரு."

பார்த்தான். பின் சக்கரத்து டேப் மேல் ரப்பர் பால் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. வால்வைச் சுற்றி வெள்ளை வளையம். ஓரமெல்லாம் பாலாடை. முன் சக்கரத்து டேப், சோப்புத் தண்ணீர் ஈரம் தவிர, கடையில் சுருள் பிரித்த நிமிஷத்தில் இருந்த மாதிரி பளபளவென்று இருந்தது.

"இது... இதுல பாலே படலையே மேடம்!"

"ஒரே நாள்ல மாத்தின ரெண்டு சக்கரம். ஒரே பந்தயம் ஓடின ரெண்டு சக்கரம். ஒண்ணு பால்ல குளிச்சிருக்கு. இன்னொண்ணு பாலையே பார்க்கலை." மேடம் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "இந்த டேப் உங்க அண்ணன் செத்த அப்புறம் ஒட்டினது. முன்னாடி என்ன இருந்தது தம்பி?"

மெக்கானிக் கையைத் துணியில் துடைக்க ஆரம்பித்தான்.

மேடம் பைக்குள்ளிருந்து ஒரு சின்ன இடுக்கியை எடுத்தார். நீல டேப்பின் ஒரு முனையை உரித்தார். கம்பி ஓட்டைகள் வரிசையாக வெளியே வந்தன. பதினோராவது ஓட்டைக்குள் இடுக்கியை விட்டு எதையோ இழுத்தார். வந்தது, கிழிந்து முறுக்கிப்போன பழுப்பு நிற பிளாஸ்டிக் துணுக்கு.

"அட்டைப் பெட்டி ஒட்டுற டேப்," என்றான் ஓட்டைவாய்.

"பெட்டி ஒட்டுற டேப்புக்குப் பெட்டியைத்தான் ஒட்டத் தெரியும்," என்றார் மேடம். "காத்தோட அழுத்தம் தாங்காது. பால் பட்டா பசை விட்டுப்போகும். இறக்கத்துல குதிச்சு இறங்கின வேகத்துல இந்த ஓட்டை மேல கிழிஞ்சு, காத்து மொத்தமும் ரிம்முக்குள்ள பாய்ஞ்சு வெளியே போயிருக்கு. டயர்ல ஓட்டையைப் பால் அடைக்கும். இதை எது அடைக்கும்?"

மெக்கானிக் ஸ்டூலில் சரிந்தான்.

"டேப் தீர்ந்து போச்சு மேடம். பின் சக்கரத்துக்குத்தான் பத்துச்சு. விடியக்காலையில அண்ணன் கிளம்பணும். ஒரே ஒரு நாளைக்குத்தானேன்னு... வந்ததும் மாத்திடலாம்னு நினைச்சேன். காத்து நின்னுச்சு மேடம்! அமுக்கிப் பார்த்துட்டுக் கல்லு மாதிரி இருக்குடான்னு சிரிச்சான்."

"டேப் மாத்தினதை அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா ஓட்ட மாட்டான்."

"அண்ணி மேல எப்ப பழியைத் தூக்கிப் போட்டீங்க? பழைய டேப்பை உரிக்கும்போதா, உரிச்ச அப்புறமா?"

அவன் அழுதான். நிஜமான அழுகைதான், அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவன்தான். அதனால்தான் ஓட்டைவாய்க்கு வயிறு எரிந்தது. இவ்வளவு பாசத்தை வைத்துக்கொண்டு, இன்னொருத்தியைத் தூக்கில் மாட்டவும் ஒரு மனுஷனுக்கு மனசு வருமா?

*

மணி மூணே முக்கால். ஓட்டைவாய் இரண்டு ரிம்மையும் கொண்டுபோய்க் கூடத்துத் தரையில் வைத்தான். மேடம் அண்ணிக்காரியை அழைத்து, எல்லார் முன்னிலையிலும், பூசி மெழுகாமல் சொல்லி முடித்தார். பால் திட்டு இருக்கிற டேப் எது, பால் படாத டேப் எது என்று விரல் வைத்துக் காட்டினார். அம்மாக்காரி நாற்காலியை விட்டு அசையவில்லை.

அண்ணிக்காரி அழவில்லை. "ஒன்பதும் அடைச்சிருச்சா?" என்று கேட்டாள்.

"ஒன்பதும்."

"ஒண்ணே ஒண்ணு திறந்திருந்தா?"

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் பேச்சை மாற்றியிருப்பார்கள். மேடத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"விடியும்போது டயர் சப்பையா இருந்திருக்கும். போயிருக்க மாட்டார்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு கொழுந்தனைப் பார்த்தாள்.

"பாலை மட்டும் நல்லா ஊத்தியிருக்கீங்க தம்பி."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

அம்மாக்காரி எழுந்தாள். மகனை அறையப் போகிறாள் என்று ஓட்டைவாய் நினைத்தான், ஆசையும் பட்டான். அவளோ மகனைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

"டேப்பாவது கீப்பாவது. ஊசியால குத்தினது யாரு? இவதானே? அவளே ஒத்துக்கிட்டா. நீங்க அப்படியே எழுதிக் கொடுங்கம்மா."

"நான் பார்த்ததைத்தான் எழுதுவேன்," என்றார் மேடம்.

அம்மாக்காரி ஒரு நிமிஷம் நின்றாள். அடுத்த நிமிஷம் மருமகள் காலில் விழுந்தாள். ஒரு வாரமாக அவளுக்குத் தட்டைத் தள்ளிவிட்ட அதே கை, இப்போது அவள் பாதத்தைப் பற்றிக்கொண்டது.

"உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்மா. எனக்கு மிச்சம் இருக்கிறது ஒரு பிள்ளை. உனக்கு யாரு இருக்கா? வெளியே இருந்து நீ என்ன பண்ணப் போறே?"

அண்ணிக்காரி குனிந்து பார்க்கவில்லை. கொழுந்தனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு வார்த்தை சொல்வதற்காக நேரம் கொடுத்தாள் என்று ஓட்டைவாய்க்குத் தோன்றியது. 'வேண்டாம்மா' என்ற ஒரு வார்த்தை போதும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாசலில் ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது.

அவள் காலை விடுவித்துக்கொண்டு போய்த் தானே கதவைத் திறந்தாள்.

"வாங்க சார்."

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து, தரையில் கிடந்த கிழவியையும் இரண்டு ரிம்மையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா, நீங்க சொன்னதுல மாத்தம் ஏதாவது?"

"மாத்தம் இல்லை. கூட ஒண்ணு சேர்த்துக்குங்க. டயர்ல குத்தினது நான். முன் சக்கரத்துக்கு டேப் ஒட்டினது என் கொழுந்தன். எதனால செத்தார்னு இந்த மேடம் எழுதித் தருவாங்க. எந்தச் சக்கரம்னு அத்தை காட்டுவாங்க. இப்பதான் விவரமா கேட்டுக்கிட்டாங்க. எழுந்திருங்க அத்தை. சாருக்குக் காட்டுங்க."

அம்மாக்காரி முழங்காலை ஊன்றி, தரையில் தவழ்ந்த மாதிரியே இரண்டு ரிம்முக்கும் நடுவில் போனாள். ஒன்றைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாகப் பால் காய்ந்திருந்த ரிம் மேல் கையை வைத்தாள்.

"இதுதாங்க முன் சக்கரம். பாருங்க, என் பிள்ளை எவ்வளவு நல்லா ஒட்டியிருக்கான்."

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார். மேடம் வாயெடுக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

மெக்கானிக் அம்மாவின் முதுகையே பார்த்தபடி நின்றான்.

"அது பின் சக்கரம்மா," என்றான்.